ஆர்டிஐ மனு: காகிதத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்

"எங்கள் தெருவில் சாலை ஏன் இன்னும் போடவில்லை?" என்று கேட்டு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டால், ஒரு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வரும்: "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது." படிக்கிறவருக்குக் கோபம் வரும். ஆனால் சட்டப்படி அந்தப் பதிலில் தப்பு கண்டுபிடிப்பது கடினம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நமக்குத் தருவது அரசு அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவுகளைப் பார்க்கவும் நகல் வாங்கவுமான உரிமை. 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: இல்லாத தகவலைப் புதிதாகத் தயாரித்துக் கொடுக்க அலுவலகத்துக்குக் கடமை இல்லை. அதே தீர்ப்புதான் தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளை வாங்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னது. காரணம் எளிது: விடைத்தாள் அங்கே இருக்கிறது.

ஆகவே மனு எழுத உட்காரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நான் தெரிந்துகொள்ள நினைக்கும் விஷயம் எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும்? அந்தக் காகிதத்துக்கு அலுவலகத்தில் என்ன பெயர்?

சாலை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு தெருவுக்குச் சாலை போட்டால் பின்னால் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, ஒப்பந்தம், எம்-புக் என்று பொறியாளர்கள் சொல்லும் அளவுப் புத்தகம், தரப் பரிசோதனை அறிக்கை, பில் என்று ஒரு வரிசையே இருக்கும். இவற்றில் எம்-புக்தான் முக்கியம். பழைய மேற்பரப்பை எவ்வளவு ஆழம் சுரண்டி எடுத்தார்கள், அதாவது மில்லிங் செய்தார்களா, புதிய தார் எத்தனை மில்லிமீட்டர், நீளம் அகலம் என்ன, யார் அளந்தார், யார் சரிபார்த்துக் கையெழுத்திட்டார், எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மில்லிங் செய்யாமல் சாலைமேல் சாலை போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகி மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்பது சென்னையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்-புக் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் அளவு நாடா பிடித்துப் பார்த்தால், யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

விண்ணப்பம் ஒன்று மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தாலும் இதே வழிதான். பட்டா மாற்றமோ, ஓய்வூதியமோ, "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள். உங்கள் விண்ணப்பம் பதிவான தபால் பதிவேட்டுப் பக்கம், அதைக் கையாண்ட உதவியாளரின் தன்பதிவேட்டில் அந்தப் பதிவு உள்ள பக்கம், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் (அலுவலர்கள் தம் கருத்தையும் முடிவையும் எழுதும் பக்கங்கள்) ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். தமிழக அரசு அலுவலகங்களில் பிரிவு எழுத்தர் ஒவ்வொருவரும் தனக்கு வந்த தபால் என்ன, அதன்மேல் எந்தத் தேதியில் என்ன செய்தார் என்று எழுதிவைப்பதுதான் தன்பதிவேடு. அதை நகலெடுத்துக் கொடுக்கும் நிலை வந்தால், தூங்கும் கோப்பு பெரும்பாலும் நகர ஆரம்பிக்கும். எழுத்தர் தன் கையெழுத்திலேயே தாமதத்தைக் காட்ட வேண்டி வருமே.

"ஏன்" என்று கேட்கவே கூடாதா? ஓர் இடத்தில் கேட்கலாம். ஒரு நிர்வாக முடிவு உங்களையே நேரடியாகப் பாதித்தால், அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியது பிரிவு 4(1)(டி)-யின்படி அலுவலகத்தின் கடமை. அப்போதும் வெறுமனே கேட்காமல் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, முடிவு எடுக்கப்பட்ட குறிப்புப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்த அலுவலகத்துக்கு?

தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாட்களுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3). நடைமுறையில் அதை நம்பியிருந்தால் சில வாரங்கள் வீணாகும். மண்டலம் எது என்று குறிப்பிடாமல் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு அனுப்பினால், மனுவை எல்லா மண்டலங்களுக்கும் சுற்றுக்கு விட்டு, ஒவ்வோர் இடத்திலிருந்தும் "எம் மண்டலத்துக்கு உட்பட்டதல்ல" என்று தனித்தனிக் கடிதம் வருவதும் உண்டு.

சென்னையில் ஒரே தெருவின் கீழும் மேலும் பல அலுவலகங்கள் இருக்கின்றன. உட்புறச் சாலை என்றால் மாநகராட்சியின் மண்டல அலுவலகம். பேருந்து ஓடும் சாலை என்றால் மாநகராட்சித் தலைமையகத்தின் பேருந்து தடச் சாலைகள் துறை. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதன் பக்கத்திலேயே போகும் கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. மின் கேபிளுக்குச் சாலையை வெட்டினால் வெட்டியது மின்வாரியம், வெட்ட அனுமதி கொடுத்தது மாநகராட்சி. அனுமதிக் காகிதம் இரண்டு இடத்திலும் இருக்கும். கட்டட அனுமதியில் சிறியவை மாநகராட்சியிடமும், பெரியவை எழும்பூரில் உள்ள சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் (சிஎம்டிஏ) இருக்கும்.

இன்னொரு பிரிவினை மாநில அரசா, மத்திய அரசா என்பது. தெற்கு ரயில்வே, பாஸ்போர்ட் அலுவலகம், வருங்கால வைப்பு நிதி அலுவலகம், துறைமுகம், பொதுத்துறை வங்கிகள் ஆகியவை சென்னையில் இருந்தாலும் மத்திய அரசின் கீழ் வருபவை. இவற்றுக்குக் கட்டணம் கட்டும் முறையும் வேறு, இரண்டாம் மேல்முறையீடு போகும் இடமும் வேறு.

தனியார் நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு சட்டத்தின்படி தகவலைப் பெறும் அதிகாரம் எந்த அரசு அலுவலகத்துக்கு இருக்கிறதோ, அந்த அலுவலகத்திடம் கேட்கலாம். கூட்டுறவுச் சங்கங்கள் தாமாகவே இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. அங்கேயும் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் வழியாகக் கேட்பதே வழி.

இதற்கெல்லாம் முன் பத்து நிமிடம் இணையத்தில் தேடிப் பாருங்கள். பிரிவு 4(1)(பி)-யின்படி ஒவ்வோர் அலுவலகமும் 17 வகை விவரங்களைத் தானாகவே வெளியிட்டிருக்க வேண்டும். பதிவுத்துறை தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். காவல் நிலையத்தில் பதிவான எஃப்ஐஆர், பாலியல் குற்றம் போன்ற விதிவிலக்குகள் தவிர, 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. கண்ணெதிரே இருப்பதை மனுப் போட்டுக் கேட்டால் 30 நாள் உங்களுக்குத்தான் நஷ்டம்.

மனு

தனிப் படிவம் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். மனுதாரர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதால் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் லெட்டர்ஹெட்டில் அனுப்பாதீர்கள்; தலைவரோ செயலாளரோ தன் சொந்தப் பெயரில், வீட்டு முகவரியில் கையெழுத்திடட்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம், பிரிவு 6(2) அதைக் கேட்கவே கூடாது என்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதி, அதே மாதத்தில் தானாகவே அந்தப் பகுதியை நீக்கிக்கொண்டது. யாராவது பழைய தீர்ப்பைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

சாலைக்கான மனு இப்படி இருக்கலாம்:

அனுப்புநர், பெறுநர் (பொதுத் தகவல் அலுவலர், மண்டல அலுவலகம், பெருநகர சென்னை மாநகராட்சி, மண்டலத்தின் முகவரி).

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் தகவல் கோருதல்.

"தங்கள் மண்டலம், ___ வார்டு, ___ தெருவில் (___ சந்திப்பு முதல் ___ சந்திப்பு வரை) 1.4.2022 முதல் இம்மனு தங்களுக்குக் கிடைக்கும் நாள் வரை மேற்கொள்ளப்பட்ட சாலைப் பணிகள் தொடர்பாக:
1. அனுமதிக்கப்பட்ட மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்தம் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்கள்.
2. மேற்படி பணிகளின் அளவுப் புத்தகப் பக்கங்கள், மில்லிங் அளவு பதிவான பக்கம் உட்பட.
3. தரப் பரிசோதனை அறிக்கைகள்.
4. ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் குறிப்பிடப்பட்டுள்ள பக்கம்.
5. இத்தெருவில் சாலை வெட்ட வழங்கப்பட்ட அனுமதி ஆணைகள்.
6. மேற்படி கோப்பைப் பிரிவு 2(ஜே)-யின் கீழ் நான் நேரில் பார்வையிட நாளும் நேரமும்.
இவற்றில் ஏதேனும் வேறு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)-ன்படி அந்த இனத்தை மட்டும் மாற்றி அனுப்பி எனக்குத் தெரிவிக்கவும்."

கவனியுங்கள்: எங்கிருந்து எங்கு வரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது இரண்டும் இருக்கிறது. இந்த இரண்டும் இல்லாத மனுதான் "கோரப்பட்ட தகவல் குறிப்பாக இல்லை" என்று திரும்பி வருகிறது. "கடந்த சில ஆண்டுகளாக" என்று எழுதுவதும் அதே கதிதான். ஒரு மனுவில் ஒரே பொருள் இருக்கட்டும். சாலை, தெருவிளக்கு, குப்பை மூன்றையும் சேர்த்தால் மூன்று பிரிவுகளுக்கு இடையே தாள் அலையும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 500 சொற்களுக்குள் அடக்குவது விதி. "லஞ்சம் வாங்கிக்கொண்டு" என்பது போன்ற குற்றச்சாட்டு எங்கும் வேண்டாம். அது புகார் மனுவில் எழுத வேண்டியது. இங்கே எழுதினால் அலுவலருக்கு மறுக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

பத்து ரூபாயும் நாள் கணக்கும்

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) மனுவின் தலைப்பில் ஒட்டுவது எளிது. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பாரிமுனைப் பகுதியிலும், எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களின் அருகிலும் ஸ்டாம்ப் வெண்டர்களிடம் கிடைக்கும். தபால்தலையோ ரெவின்யூ ஸ்டாம்போ செல்லாது. மத்திய அரசு அலுவலகத்துக்கு நீதிமன்ற வில்லை செல்லாது. கணக்கு அலுவலர் பெயருக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் கட்டலாம். தமிழக அரசுக்கும் ஆன்லைன் தளம் உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நம்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டது. ரசீதைப் போட்டோ எடுத்துவைத்து, டெலிவரி ஆன விவரத்தை இணையத்திலிருந்து உடனே அச்செடுத்துக்கொள்ளுங்கள். சில மாதம் போனால் அந்த விவரம் தளத்தில் கிடைக்காது, மேல்முறையீட்டில் அதுதான் உங்கள் சாட்சி.

மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். மனுவை வாங்கிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பிவைக்கும் உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் இன்னும் ஐந்து நாள். மூன்றாம் நபரைக் கேட்க வேண்டிய தகவல் என்றால் 40 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். இந்த 48 மணி நேர விதியை வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்தினால் எடுபடாது.

இடையில், "பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் இத்தனை பக்கத்துக்குப் பணம் கட்டுங்கள்" என்று கடிதம் வரலாம். அந்தக் கடிதம் புறப்பட்ட நாள் முதல் நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கடிகாரம் நின்றுவிடும். அதனால் தள்ளிப்போடாமல் கட்டுங்கள், சலான் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் தாண்டிய பிறகு பணம் கேட்டால் கட்ட வேண்டாம். காலக்கெடு தவறினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பது பிரிவு 7(6). அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போதும்.

நேரில் பார்வையிடுவதைப் பலர் தவறவிடுகிறார்கள். மனுவில் கேட்டிருந்தால் கோப்பு முழுவதையும் மேசையில் வைத்துப் பார்க்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. போகும்போது மனு நகல், அழைப்புக் கடிதம், அடையாள அட்டை, நோட்டு எடுத்துப் போங்கள். முதலில் கோப்பின் பக்க எண்களைப் பாருங்கள். எண் இடாத கோப்பு என்றால் அதையே எழுதிவைத்து அலுவலரிடம் சொல்லுங்கள். பிறகு தாள்கள் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். குறிப்புப் பக்கங்களையும் கடிதப் பக்கங்களையும் தனித்தனியாகப் பார்த்து, வேண்டிய பக்க எண்களைப் பட்டியலிட்டு, அன்றே எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நூறு பக்க நகலுக்குப் பணம் கட்டுவதைவிட, பார்த்துத் தேர்ந்த பத்துப் பக்கம் பயனுள்ளது. பிரிவு 2(ஜே) பொருள்களின் மாதிரியையும் கேட்க இடம் தருகிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: மறுப்பதற்கான காரணம், மேல்முறையீட்டுக்கான காலக்கெடு, மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பது. இல்லாவிட்டால் அதுவே முதல் குறை.

"கோப்பு கிடைக்கவில்லை" என்பது சட்டம் அனுமதிக்கும் காரணம் அல்ல. பிரிவு 8-லும் 9-லும் சொல்லப்பட்ட விலக்குகளில் காணாமல் போவது இல்லை. அழிக்கப்பட்டது என்றால் அழிப்புப் பதிவேட்டின் பக்கத்தையும், அந்த வகை ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியையும் கேளுங்கள்.

"நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளது" என்பதும் போதாது. நீதிமன்றம் வெளியிடக் கூடாது என்று தடை விதித்திருந்தாலோ, வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகும் என்றாலோ மட்டுமே பிரிவு 8(1)(பி) பொருந்தும். "விசாரணையில் உள்ளது" என்றால், தகவலைக் கொடுப்பது விசாரணைக்கு எப்படி இடையூறாகும் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-ன்படி அலுவலருடையது.

"தகவல் மிக விரிவானது" என்று பிரிவு 7(9)-ஐக் காட்டினால், அந்தப் பிரிவு மறுக்க அனுமதிக்கவில்லை. கேட்ட வடிவத்தை மாற்றிக் கொடுக்கத்தான் அனுமதிக்கிறது. பார்வையிடச் சம்மதம் என்று பதில் எழுதுங்கள்.

இப்போது கடினமாகிவிட்ட இடம் பிரிவு 8(1)(ஜே). முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற விவரத்தை மட்டுமே மறுக்கலாம்; பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம் என்று அந்தப் பிரிவே சொன்னது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை வெட்டிச் சுருக்கியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இனி "தனிநபர் தகவல்" என்றாலே மறுக்கலாம். ரேஷன் பட்டியலையும் பயனாளிகள் பட்டியலையும் வைத்து முறைகேட்டைக் கண்டுபிடித்தவர்களுக்கு இது பெரிய இழப்பு, இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வழி முழுதும் அடைபடவில்லை. பிரிவு 8(2) இருக்கிறது: தகவல் வெளிவருவதால் கிடைக்கும் பொதுநலன், பாதுகாக்கப்படும் நலனைவிடப் பெரிதென்றால் தரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று மேலே சொன்னதற்கு இங்கே மட்டும் விலக்கு. பொதுநலன் என்ன என்று இரண்டு வரி மனுவிலேயே எழுதிவிடுங்கள். பெயருக்குப் பதில் பதவியைக் கேளுங்கள். ஒப்பந்த நிறுவனத்தின் விவரம் தனிநபர் தகவல் ஆகாது என்று குறிப்பிடுங்கள். மறைக்க வேண்டிய வரியை மட்டும் மறைத்து மிச்சத்தைத் தரச் சொல்லிப் பிரிவு 10-ஐக் காட்டுங்கள்.

மேல்முறையீடு

பதில் வந்த நாளிலிருந்து, அல்லது பதிலே இல்லாமல் கெடு முடிந்த நாளிலிருந்து, 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதே அலுவலகத்தில் மேல்நிலை அதிகாரி ஒருவர்தான் மேல்முறையீட்டு அலுவலர். பெயர் தெரியாவிட்டாலும் பதவியைப் போட்டு அனுப்பலாம். கட்டணம் கிடையாது. இங்கே பலர் கோபத்தை மூன்று பக்கத்துக்குக் கொட்டுகிறார்கள். தேவை ஒரு பக்கம். மனுவின் தேதி, கிடைத்த தேதி, பதிலின் தேதியும் அதிலுள்ள ந.க. எண்ணும் (கோப்பு எண்), பிறகு இனவாரியாக, அதாவது மனுவில் கேட்ட ஒவ்வோர் எண்ணாக: "இனம் 2-க்குப் பதில் இல்லை. இனம் 3-க்கு எந்தப் பிரிவும் காட்டாமல் மறுக்கப்பட்டுள்ளது." புதிய கேள்வி எதையும் சேர்க்காதீர்கள். அவர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும்.

அங்கும் கிடைக்கவில்லை என்றால் 90 நாட்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடு: மாநில அலுவலகம் என்றால் நந்தனத்தில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம், மத்திய அலுவலகம் என்றால் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம். மனு, வில்லை ஒட்டிய பக்கம், டெலிவரி அச்சு, பதில், முதல் மேல்முறையீடு, அதற்கான பதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் பக்க எண் போட்டு இணையுங்கள். பிரிவு 18-ன் கீழ் புகாராக மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பிரிவின் கீழ் ஆணையம் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம், தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காகிதம் வேண்டும் என்றால் பிரிவு 19(3) என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.

விசாரணைக் கடிதம் வர மாதங்கள் ஆகும். வரும்போது உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். தேதி வரிசை ஒரு தாளில், இன்னும் கிடைக்காத இனங்கள் இன்னொரு தாளில், இரண்டிலும் மூன்று நகல். அபராதம் ஒரு நாளைக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. அது அலுவலரிடமிருந்து அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்களுக்கு நேர்ந்த இழப்புக்குப் பிரிவு 19(8)(பி)-யின்படி இழப்பீடு கேட்கலாம், ஆனால் அதை மேல்முறையீட்டு மனுவிலேயே தொகையும் ரசீதுமாகக் கேட்டிருக்க வேண்டும். விசாரணைக்கு முந்தின நாள் அலுவலகம் அவசரமாக ஒரு கட்டுத் தாளை அனுப்பிவைப்பது வழக்கம். "தகவல் கிடைத்தது" என்று எழுதிக் கொடுக்கும் முன் அந்தக் கட்டை இனவாரியாகச் சரிபாருங்கள். குறைந்ததை விசாரணையிலேயே சொல்லி, உத்தரவில் இன எண்ணோடும் தேதியோடும் பதியச் சொல்லுங்கள். அந்தத் தேதி கடந்தும் வரவில்லை என்றால் மறுநாளே வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்குக் கடிதம் அனுப்புங்கள், நகல் பொதுத் தகவல் அலுவலருக்கு.